எட்டுக் கட்டத்துக்குள் ஒரு நாள்

நான் எழுத்துக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் ஒரு ஓட்டுக் கொட்டகை. அறுபதுகளின் நடுப்பகுதி. ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார். சுவரில் ஒரு கால அட்டவணை தொங்கியது. ஆய்வாளர் வரும் நாளில் அதன் மேல் படிந்த தூசியைத் தட்டுவார்கள். மற்ற நாள்களில் பெரிய வாத்தியார் வைத்ததுதான் அட்டவணை. ஒன்றாம் வகுப்பை மணலில் எழுத உட்கார்த்திவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க ஒரு பெரிய பையனை நிறுத்திவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கைத் தொடங்குவார். புரிந்தால் கால் மணி நேரத்தில் முடியும். புரியாவிட்டால் மதியச் சோறு வரைக்கும் போகும். அறுவடைக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வயலில் இருப்பார்கள். அப்போது புதுப் பாடம் தொடங்க மாட்டார். வந்தவர்களை வாசிக்க வைப்பார்.

இதைச் சொல்லி அந்தக் காலம் பொற்காலம் என்று நிறுவ எனக்கு விருப்பம் இல்லை. வாசிக்கத் தெரியாமலே ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் எங்கள் கொட்டகையிலும் இருந்தார்கள். நேரம் முழுவதும் வாத்தியார் கையில் இருந்தது. அவர் அக்கறை உள்ளவராக அமைந்தது எங்கள் நல்ல காலம். அடுத்த ஊர்ப் பள்ளியில் அதே சுதந்திரம் வெற்றிலைப் பேச்சில் கழிந்தது.

பள்ளி நேரத்தை வளைப்பது எத்தனை பெரிய விஷயம் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் என் சித்தப்பா. அவர் பள்ளிக்கூடம் போன வயதில்தான் 1953இல் ராஜாஜி அரசு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. பிள்ளைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, காலையில் ஒரு பகுதி, பிற்பகலில் இன்னொரு பகுதி. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்துக்கொண்டு கூடுதலான பிள்ளைகளுக்கு இடம் தரலாம் என்பது அரசு சொன்ன காரணம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

"எனக்குப் பள்ளிக்கூடம் பாதியாயிருச்சு தாயி, வேலை ரெட்டிப்பாயிருச்சு" என்பார் சித்தப்பா. வகுப்பு நேரம் எப்படி வேண்டுமானாலும் வளையட்டும், அந்த வளைவில் யாருடைய நேரம் குறைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவர் பேச்சிலிருந்துதான் எனக்குள் ஊன்றியது. வீட்டில் புத்தகமும் விளக்கும் உள்ள பிள்ளைக்குப் பள்ளி நேரம் குறைந்தால் இழப்புக் கொஞ்சம். பள்ளியைத் தவிர வேறு இடத்தில் எழுத்தையே பார்க்காத பிள்ளைக்கு அதுதான் முழு முதல்.

ஆறாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் உலகம் மாறியது. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு. அதில் இரும்புத் தடியால் அடித்தால் ஊர்க்கோடிக்குக் கேட்கும். நாளுக்கு எட்டு பீரியட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாற்பது நிமிடம். தமிழய்யா செய்யுளில் ஒரு வரியைச் சுவைத்து நின்றுகொண்டிருப்பார், மணி அடிக்கும், கணக்கு சார் வாசலில் நிற்பார். அய்யா புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் வந்து அந்த வரியிலேயே தொடங்கினாலும் முதல்நாள் சூடு இருக்காது. நாங்கள் படித்த எல்லாமே அரை வேக்காட்டில் இறக்கி, மறுநாள் திரும்ப அடுப்பேற்றிய சோறாகத்தான் இருந்தது. ஆனால் எட்டுப் பாடத்துக்கும் எட்டு வாத்தியார் வந்தார்கள். ஒருவர் சரியில்லை என்றாலும் இன்னொருவர் காப்பாற்றினார். கொட்டகையில் கிடைக்காத அந்தப் பாதுகாப்பை மணிதான் கொடுத்தது. மணி அடிப்பது நிர்வாக வசதிக்கு மட்டும் என்று பேசுவோரிடம் இதை நான் இன்றும் சொல்வேன்.

படித்து முடித்து, எண்பதுகளில் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய பிளஸ் டூ அப்போது வேரூன்றிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் கால அட்டவணை போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. மே மாதக் கடைசியில் ஆசிரியர் அறை மேசையைக் காலி செய்து, முழுச் சார்ட்டை விரித்து, அடிஸ்கேலால் கட்டம் போடுவேன். ஒரு வகுப்புக்கு வாரம் நாற்பது கட்டம். ஒரு பட்டதாரி ஆசிரியருக்கு 28 பாடவேளை. இந்த இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று மோதாமல் முதலில் பென்சிலால் எழுத வேண்டும்.

அந்த வேலைக்கென்று எழுதாத விதிகள் உண்டு. கணக்கு முற்பகலில். சாப்பிட்ட உடனே வரும் ஐந்தாவது பீரியடில் பேச்சும் பாட்டும் உள்ள பாடம். ஒரே ஆசிரியருக்குத் தொடர்ந்து நான்கு வகுப்பு வரக் கூடாது, தொண்டை தாங்காது. கைக்குழந்தை உள்ள டீச்சருக்கு முதல் பீரியட் போடாமல் இருந்தால் நல்லது. இவை எல்லாவற்றுக்கும் மேலே டவுன் பஸ். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து இலவசப் பாஸில் வந்தவர்கள். காலை பஸ் தாமதமானால் முதல் பீரியடில் வகுப்பு பாதி காலி. மாலை பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் என்பதால் எட்டாவது பீரியடில் பிள்ளைகளின் கண் வாசலிலேயே இருக்கும். அட்டவணையில் எல்லாக் கட்டமும் ஒரே அகலம். பிள்ளைகளின் நாளில் அப்படி இல்லை. அதனால் எந்தப் பாடமும் வாரம் முழுக்க ஒரே பீரியடில் விழாதபடி மாற்றி மாற்றிப் போடுவேன். முதல் பீரியடிலேயே எப்போதும் ஆங்கிலம் என்றால், பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் ஆங்கிலம் போய்விடும்.

நம் கல்லூரிகளில் கிழமையை விட்டுவிட்டு முதல் நாள் வரிசை, இரண்டாம் நாள் வரிசை என்று ஆறு 'டே ஆர்டர்' வைத்திருப்பதிலும் இதே அறிவு இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை விழுந்தால் திங்கட்கிழமைப் பாடம் மட்டும் அடிபடாமல், விட்ட இடத்திலிருந்து வரிசை தொடரும். பள்ளியில் அதை வேறு விதமாகச் செய்தோம். மழை விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைத்து, "நாளை புதன்கிழமைப் பாடவேளை பின்பற்றப்படும்" என்று சுற்றறிக்கை போகும். நெகிழ்வான கால அட்டவணை என்று இன்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவதில் பெரும்பகுதியை மழையும் புயலும் நமக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தன.

நீண்ட வகுப்பும் அப்படித்தான். பிளஸ் டூ வேதியியல் செய்முறைக்கு எப்போதும் இரண்டு பீரியட் சேர்த்துத்தான் போடுவோம். பியூரெட்டைக் கழுவி, அமிலம் நிரப்பி, ஒத்த அளவீடு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வதற்குள் நாற்பது நிமிடம் ஓடிவிடும். உப்புப் பகுப்பாய்வுக்கு இரண்டு பீரியடே போதாது. மேல்வகுப்பு மாணவருக்குத் தேவை என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட அந்த நீளம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் கூடாது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் வந்தது.

அப்போதைய தலைமையாசிரியரிடம் கேட்டேன். "டீச்சர், இன்ஸ்பெக்‌ஷன்ல கேட்டா என்ன சொல்றது?" என்றார். "தினசரி ஒரு பீரியடுன்னு இருக்கிறத வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ரெட்டை பீரியடா ஆக்கறேன் சார். மொத்தக் கணக்கு குறையாது" என்றேன். ஒப்புக்கொண்டார்.

என்ன மாறியது என்பதற்கு ஒரு சோதனையைச் சொன்னால் போதும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சூடாக்கி ஆக்சிஜன் தயாரிப்பது. சோதனைக் குழாயைத் தாங்கியில் பொருத்தி, வெளியேறு குழாயை நீர்த்தொட்டிக்குள் விட்டு, வாயு ஜாடியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில் வருகைப் பதிவும் கரும்பலகை துடைப்பதும் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். நானே செய்து காட்டுவேன். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். குமிழி வரத் தொடங்கும்போதே மணி அடிக்கும் நேரம் நெருங்கிவிடும். முதல் ஜாடியை ஒதுக்கிவிட்டு இரண்டாம் ஜாடியில் கனன்ற குச்சியை நுழைத்துக் காட்டுவேன். குபுக்கென்று எரியும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். முடிந்தது.

இரட்டைப் பீரியடில் பிள்ளைகளே குழுவாகச் செய்தார்கள். ஒரு குழு முதல் ஜாடியிலேயே குச்சியை விட்டுப் பார்த்தது. எரியவில்லை. "டீச்சர், இதுல ஆக்சிஜனே இல்ல" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். எல்லாக் குழுவும் கூடிவிட்டது. குழாய்க்குள் முதலில் என்ன இருந்தது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லையா என்று திரும்பக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, காற்று இருந்தது, முதலில் வெளியே வந்தது அந்தக் காற்றுதான் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுப்பை அணைக்கும் முன்பு குழாயை ஏன் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும் என்பதையும், சூடான குழாய் குளிர்ந்தால் தண்ணீரை உள்ளே இழுக்கும் என்று யோசித்துச் சொன்னார்கள். இது எதுவும் பாடநூலின் கேள்விப் பட்டியலில் இல்லை. ஆனால் வெற்றுக் குழாயில் காற்று இருக்கிறது என்று தானாகக் கண்டுகொண்ட பிள்ளை வேதியியலின் வாசலைத் தாண்டிவிட்டது. அந்தக் கேள்வி பிறக்க ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. நாற்பது நிமிடத்தில் அதற்கு இடமே கிடைத்திராது.

இதைப் பற்றி வேறு நாடுகளில் என்ன செய்தார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் நாள் துண்டு துண்டானதற்குப் பின்னால் ஓய்வூதியம் இருக்கிறது என்று படித்தபோது வியந்தேன். 1905இல் தொடங்கிய கார்னகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர முன்வந்தது. எது உண்மையான கல்லூரி என்று முடிவு செய்ய, அங்கே சேரும் மாணவர் பள்ளியில் எத்தனை 'அலகு' படித்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்தது. ஒரு பாடத்தை ஓர் ஆண்டில் 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு. கற்றதை அளப்பது கடினம், உட்கார்ந்த நேரத்தை அளப்பது சுலபம் என்பதால் அந்தக் கணக்கு நிலைத்துவிட்டது.

அதை உடைக்கப் பலர் முயன்றார்கள். 1959இல் லாயிட் டிரம்ப் என்ற கல்வியாளர், மாணவரின் நேரத்தில் நாற்பது விழுக்காட்டைப் பெரிய கூட்டத்தில் கேட்பதற்கும், இருபதைச் சிறு குழு விவாதத்துக்கும், மீதி நாற்பதைத் தானாகப் படிப்பதற்கும் ஒதுக்கலாம் என்றார். அறுபதுகளில் பல பள்ளிகள் நாளைச் சிறு சிறு கூறுகளாக வெட்டி, பாடத்துக்குத் தகுந்தபடி அவற்றைச் சேர்த்துக்கொண்டன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அதற்காகக் கணினியிலேயே அட்டவணை போட்டார்கள். எழுபதுகளில் அந்த அலை அடங்கியது. மேற்பார்வை இல்லாத நேரத்தில் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர் படித்தார். மற்றவர் வராந்தாவில் திரிந்தார். 1989 வாக்கில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசப் கரோல் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கோப்பர்னிக்கஸ் பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பாடம், ஒவ்வொன்றும் மணிக்கணக்கில், சில வாரங்களில் முடித்துவிடுவது. 1995இல் கானடி, ரெட்டிக் இருவரும் எழுதிய நூலுக்குப் பிறகு நாளுக்குத் தொண்ணூறு நிமிட வகுப்பு நான்கு என்ற முறையும், ஒருநாள் விட்டு ஒருநாள் பாடம் மாறும் முறையும் நாடெங்கும் பரவின.

படித்ததை என் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தேன். நீண்ட வகுப்பு எல்லாப் பாடத்துக்கும் ஒன்றுபோல் பொருந்தவில்லை. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நீண்ட வகுப்பைவிட அன்றாடம் அரை மணி நேரம் நல்லது. கணக்குக்குப் பயிற்சி தினமும் வேண்டும். ஆனால் வடிவியலில் ஒரு தேற்றத்தை முதன்முதலாக நிறுவும் நாளில் இரட்டைப் பீரியட் இருந்தால் பெரும் உதவி. ஒருநாள் பள்ளிக்கு வராத பிள்ளை இரட்டைப் பீரியடில் இரண்டு நாள் பாடத்தை இழக்கிறது. நாற்று நடவுக்கும் தம்பி தங்கையைப் பார்க்கவும் நிறுத்தப்படும் பெண்பிள்ளைகள் உள்ள ஊரில் இது சிறிய இழப்பு இல்லை. எல்லாவற்றிலும் மோசமானது, ஆயத்தம் இல்லாமல் எண்பது நிமிடம் பேசும் ஆசிரியர். நாற்பது நிமிடம் சகித்துக்கொள்ளும் பிள்ளைகளை அது இரண்டு மடங்கு சோர்வடையச் செய்யும்.

என் இரட்டைப் பீரியட் ஜூனில் பிறந்து டிசம்பரில் மெலிந்து ஜனவரியில் முடிந்துபோகும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கியதும் சோதனைக்கூடம் பூட்டப்பட்டு, ஒரு பீரியட் திருப்புதலுக்கும் ஒரு பீரியட் சிறுதேர்வுக்கும் போகும். அதற்கும் முன்பே விளையாட்டுப் பீரியட் போயிருக்கும். நீதிபோதனை, நூலகம், ஓவியம் எல்லாம் அட்டவணையில் இருக்கும், நடப்பது கணக்கு. பீரியடைக் கடன் கேட்கும் ஆசிரியருக்குத் தன் வகுப்பின் மீது அக்கறை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறார். ஆனாலும் திரும்பக் கொடுக்காத கடன் அது.

நீளமான, நெகிழ்வான நேரம் தமிழ்நாட்டில் அரசாங்கத் திட்டமாகவே வந்தது 2003இல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று, ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைத் தழுவிச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08இல் அது மாநிலம் முழுவதும் போனது. எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தபோது எனக்குப் பழைய ஓட்டுக் கொட்டகை நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே ஒழுங்கு இருந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரின் அடியில் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். தன் கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, தட்டிலிருந்து தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்கிறாள் ஒரு சிறுமி. முடிந்தால் அடுத்த அட்டை. முடியாவிட்டால் அதே அட்டை, டீச்சர் பக்கத்தில். மணி அடித்து யாரையும் பாடத்திலிருந்து பிடுங்கவில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை விட்ட படியிலேயே திரும்ப ஏறியது. இரட்டைப் பீரியடில் நான் கண்ட குறைக்கு, வராத பிள்ளை இழக்கிறதே என்ற குறைக்கு, அந்தப் பாயில் விடை இருந்தது.

நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. இரண்டு பீரியடைச் சேர்த்து ஒரே அமர்வு. பிள்ளைகள் பாடத்தை வாசிப்பார்கள், கடினச் சொல்லைக் கண்டறிவார்கள், மனவரைபடம் வரைவார்கள், குழுவில் தொகுப்பார்கள், எழுந்து நின்று சொல்வார்கள். முதல் ஆண்டில் கூச்சத்தில் தலை குனிந்தே இருந்த பிள்ளைகள் பேசத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு அது படிவமாகியது. எல்லாப் பாடத்துக்கும் எல்லா நாளும் மனவரைபடம். அடுத்த அறிவிப்பு, அடுத்த பயிற்சி, அடுத்த பெயர். நெகிழ்வு மேலிடத்து உத்தரவாக வரும்போது அது நெகிழ்வாக நீடிப்பதில்லை. எந்த வாரத்தில் எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்து அதை இறுக்கிவிடுகிறது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது, பல வகையில் நல்லதாகவே. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் என்றும், ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம் என்றும் குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. சித்தப்பாவுக்கு நேர்ந்தது இனி எந்தப் பிள்ளைக்கும் ஓர் உத்தரவால் நேராது. அதே சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்லும்போது, அதில் ஆயத்த நேரமும் அடங்கும் என்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கொரோனாவில் பின்தங்கிய ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து அமர்த்தினார்கள். வகுப்பின் பெயரைவிடப் பிள்ளை நிற்கும் இடம் முக்கியம் என்பதை அது ஏற்கிறது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005இலேயே கைவினை, ஆய்வக வேலை, குழு வேலைக்கு நீண்ட பாடவேளை வேண்டும் என்றது. 2023இல் வந்த வடிவமைப்பு மாதிரி அட்டவணைகளே போட்டுக் காட்டுகிறது.

என் பேரன் படிக்கும் பள்ளியில் 'பிளாக் பீரியட்' இருக்கிறது. அறிவியலுக்கும் கலைக்கும் எண்பது நிமிடம். அவன் வீட்டுக்கு வந்து, தான் செய்த மின்சுற்றில் விளக்கு ஏன் எரியவில்லை என்று என்னிடம் வாதாடுகிறான். எனக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் இருக்கிறார், அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிட ஒதுக்கிய நேரம் இருக்கிறது, பள்ளி வேன் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது. நீளமான பீரியட் அங்கே வேலை செய்வதற்கு இந்த மூன்றும் காரணம். நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளியிலும் அட்டவணையில் இரட்டைப் பீரியட் இருக்கிறது. அதைப் போடும் டீச்சர் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் கட்டத்தை நிரப்புகிறார். நான் ரப்பரால் அழித்து அழித்துப் போராடிய வேலை அவருக்கு மிச்சம். ஆனால் அந்தத் தளத்திலேயே வருகைப் பதிவு முதல் பல விவரங்களை ஏற்றும் வேலையும் அவருக்கு இருக்கிறது. இரண்டு வகுப்புக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வு பீரியடில் சோதனைக்குத் தேவையானதை எடுத்துவைப்பாரா, கைப்பேசியில் விவரம் ஏற்றுவாரா? ஒரு ஆசிரியர் விடுப்பில் போனால் அந்த ஓய்வு பீரியடும் பதிலி வகுப்புக்குப் போய்விடும். விளையாட்டுப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று அமைச்சர் ஒருவரே மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றும் இன்றும் சேர்த்துப் பார்த்து எனக்குத் தெளிந்தது இது. வகுப்பு நாற்பது நிமிடமா எண்பது நிமிடமா என்ற விவாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எண்பது நிமிடத்தை நடத்தும் ஆசிரியருக்கு அதற்கு முன்னால் நாற்பது நிமிடம் கொடுத்தோமா என்பதுதான் மறுபாதி. ஓட்டுக் கொட்டகை வாத்தியாருக்கு நேரத்தின் மீது உரிமை இருந்தது, துணை இல்லை. எட்டு மணி அடித்த பள்ளியில் எங்களுக்குத் துணை இருந்தது, உரிமை இல்லை. செயல்வழிக் கற்றல் நல்ல முறையில் நடந்த அந்தச் சில ஆண்டுகளில், நல்ல பள்ளிகளில், இரண்டும் சேர்ந்து கிடைத்தன. அங்கே கடைசிப் படியில் நின்ற பிள்ளையும் மேலே ஏறியது. அது முடியும் என்பதற்கு நான் சாட்சி.

இனி என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது எளிது. அட்டவணையில் முதலில் எழுத வேண்டியது அறிவியல் ஆசிரியர்கள் எல்லாரும் ஒன்றாக ஓய்வாக இருக்கும் ஒரு பீரியட். அதைப் பேனாவால் எழுதுங்கள். அடுத்து விளையாட்டு, நூலகம். அடுத்து ஆறு முதல் பத்து வரை எல்லா வகுப்புக்கும் வாரம் ஒரு முறையாவது சோதனைக்கூடத்தில் இரட்டைப் பீரியட். முதல் பீரியடும் கடைசிப் பீரியடும் அதில் வராமல். மொழிக்கும் கணக்குக்கும் அன்றாட வகுப்பை உடைக்காதீர்கள். மீதிக் கட்டங்களைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஒரு பாடத்தை நீட்டவும் சுருக்கவும் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தலைமையாசிரியர் கொடுத்துப் பார்க்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் பெரும்பான்மை நீங்கள்தான். கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிக் கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் வகுப்புக் கால அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். ஆய்வக வகுப்பு எந்த நாள், விளையாட்டு எந்த நாள் என்று பாருங்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம், அந்த நாளில் அது நடந்ததா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஆசிரியரைக் குற்றம் சொல்லாதீர்கள்; அவருக்கு அதை நடத்த என்ன தேவை என்று கேளுங்கள். ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும், காலியிடத்தில் ஆசிரியர் வேண்டும், மாலை பஸ் அரை மணி தள்ளி வர வேண்டும் என்று அவர் சொல்வார். அதையே தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.